கேட்டது மட்டும்

சமையலறை அலமாரியைத் திறந்தபோது, உள்ளே யாரோ அவசரமாக ஓடிவந்து இடம்பிடிக்கும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை காலை. நல்ல வெளிச்சம். பேய்க்குத் தோதான நேரமே இல்லை. டப்பாக்கள் எப்போதும் போல வரிசையாகத்தான் இருந்தன; ஆனால் வாத்தியாரின் காலடி கேட்டுப் பெஞ்சில் பாய்ந்து உட்கார்ந்த பிள்ளைகள் மாதிரி, மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு இருந்தன. சர்க்கரை டப்பாவில் ஒட்டியிருந்த தாள் முதலில் வெறும் சாம்பல் நிறக் கட்டமாகத் தெரிந்தது. அவன் உற்றுப் பார்த்த பிறகுதான் அதில் எழுத்து வந்தது. மிளகின் வாசனை எல்லாவற்றுக்கும் கடைசியாக, பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்ததுபோல வந்து சேர்ந்தது.

மூடினான். திறந்தான். மறுபடியும் அதே சலசலப்பு.

“எத்தன தடவ தொறந்தாலும் உள்ள அதே சர்க்கரதான் இருக்கும்,” என்றாள் மனைவி. அவள் ஒரு பள்ளியில் கணக்கு எழுதுபவள். ஒரு வேலையை இரண்டு முறை செய்பவர்களை அவளுக்குப் பிடிக்காது.

அந்தச் சாம்பல் கட்டத்தை அவனுக்கு நன்றாகவே தெரியும். அதைச் செய்வதுதான் அவன் பிழைப்பு.

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் பின்கட்டு. திரையில் தெரிவதைச் செய்பவன் முன்கட்டு. திரைக்குப் பின்னால், சர்வருக்குள், யார் கண்ணிலும் படாமல் கிடந்து உழைப்பவன் பின்கட்டு. பாராட்டு முன்னவனுக்கு, வசவு பின்னவனுக்கு என்பது அந்தத் தொழிலில் எழுதப்படாத ஒப்பந்தம். மருந்து விநியோகிக்கும் நிறுவனம் ஒன்றின் பழைய மென்பொருளைக் கைபேசிக்கு ஏற்றபடி ஆக்கும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. பழைய மென்பொருள் ஒரு வாயாடி. ஒரு கடைக்காரரின் தொலைபேசி எண்ணைக் கேட்டால், அவர் பிறந்த கதை வளர்ந்த கதை எல்லாவற்றையும் கொட்டும். மேசைக் கணினி அதைத் தாங்கும். நடுவெயிலில் கடை வாசலில் நின்று விற்பனையாள் தட்டும் கைபேசி தாங்காது; விழி பிதுங்கி நின்றுவிடும். ஆகவே அந்த வாயாடிக்கும் கைபேசிக்கும் நடுவில் ஓர் அமைப்பைக் கட்ட வேண்டும்.

மேனேஜர் ஒரே வரியில் விளக்கினார். “கேக்காத எதையும் அனுப்பாத.”

அவன் அப்படியே கட்டினான். கேட்டதை மட்டும் கொடுப்பது. கண் படுகிற இடத்தை மட்டும் நிரப்புவது. தகவல் வந்து சேரும்வரை அங்கே ஒரு சாம்பல் கட்டத்தைக் காட்டுவது. அடிக்கடி வரும் கேள்வி என்றால், பழைய மென்பொருளைப் போய் எழுப்பாமல், முன்பு ஒருமுறை வந்த பதிலையே எடுத்து நீட்டுவது. நெடுநாள் யாருமே கேட்காத விவரமா, அதைத் தூக்கி வருவதையே நிறுத்திவிடுவது. ஆப் பறந்தது. மேனேஜர் பல்வலிக்காரர் போலச் சிரித்துவிட்டு, இன்னும் கனமாக இருக்கிறது, இன்னும் வெட்டு என்றார். எதை வெட்டுவது என்று இவன் கேட்டான்.

“எதையாவது வெட்டுய்யா. எவன் தேடப் போறான்?”

வெட்டினான். யாரும் தேடவில்லை.

அன்று முழுக்க, தொழில் புத்தி விடாமல், வீட்டைச் சோதித்துக்கொண்டிருந்தான். குளியலறைக் கதவை மெதுவாகத் திறந்தால் ஒரு குறையும் இல்லை. சடாரென்று திறந்தால் வெள்ளை ஓடுகள் தரையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக ஏறி, அவன் பார்வை கூரையைத் தொடுவதற்குள் போய்ச் சேர்ந்துகொண்டன. சொட்டும் குழாயின் சத்தம், குழாய் வந்து கொஞ்சம் கழித்து வந்தது. குளிர்பதனப் பெட்டியை நகர்த்தி அதன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தான். ஒட்டடை இல்லை, சுவர் இல்லை. சாம்பல். கையை நீட்டினான். குளிரவும் இல்லை, சுடவும் இல்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்ட பிறகுதான், திருட்டு வேலையில் பிடிபட்டதுபோல, அங்கே ஒரு சுவர் வந்து நின்றது. ஒட்டடையோடு.

அலுவலகத்து முன்கட்டுக்குப் போன் செய்து சொன்னான். லீவு வேண்டுமென்றால் மேனேஜரிடம் நேராகக் கேள், அதற்காக வீட்டுச் சுவரை எல்லாம் காணாமல் அடிக்காதே என்று அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, இந்த வீட்டில் யாருமே பார்க்காத இடம் எது என்று யோசித்தான். பரண். மாடித் தொட்டி. கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த பெட்டி.

அப்புறம் கூடத்தைத் தாண்டிக் கடைசியில் இருக்கும் அறை.

அப்பா.

அப்பா பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒலிபெருக்கியில் அறிவித்துப் பழகிய குரல். முழங்கால் கைவிட்டதும் இங்கே வந்தார். வந்த புதிதில் கதை கதையாகச் சொல்வார்: நிற்காமல் போன வண்டிகள், வண்டிக்கு அடியில் தூங்கிய ஓட்டுநர்கள். இவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டே உம் கொட்டுவான். கதைகள் சுருங்கின. பிறகு கேட்டால் மட்டும் பேசினார். இவனும் சாப்பாடும் மாத்திரையும் தவிர வேறெதையும் கேட்டதில்லை. அதுவும் கதவுக்கு வெளியே நின்றபடி. தட்டு வாசலில் வைக்கப்படும், காலியாக எடுக்கப்படும். மாத்திரைக்குப் பாதி திறந்த கதவு வழியே ஒரு கை நீளும்.

கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தது எப்போது? கண்ணாடி போடுவாரா? மீசை இருந்ததா, எடுத்துவிட்டாரா?

நினைவு வரவில்லை.

கதவின் முன்னால் போய் நின்றான். இடுக்கு வழியாகத் தைல வாசனை வந்தது. உள்ளே மின்விசிறி எங்கோ இடித்து இடித்துச் சுற்றும் சத்தம். மரப்பலகையில் வைத்த உள்ளங்கைக்கு மட்டும் எந்த அதிர்வும் இல்லை.

“அப்பா, சாப்பிட்டீங்களா?”

ஒரு இருமல். கட்டில் முனகியது. தெருவில் ஒரு நாய் குரைத்தது. “சாப்பிட்டேன்பா. நீ போய் வேலயப் பாரு.”

உயிர் வந்தது. சிரிப்புகூட வந்தது. அப்படியே போயிருக்கலாம். ஆனால் ஒருமுறை சரியாக வந்ததை நம்புகிறவன் அந்த வேலையில் நிலைக்க முடியாது.

“அப்பா, சாப்பிட்டீங்களா?”

இருமல். கட்டில். நாய். “சாப்பிட்டேன்பா. நீ போய் வேலயப் பாரு.”

இருமலின் நடுவில் சளி ஓர் இடத்தில் சிக்கி விடுபட்டது. முதல் தடவையும் அதே இடத்தில்தான் சிக்கியது. நாயும் அதே நாய். ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தான். வெயில். நாய் இல்லை.

மூன்றாவது முறை கேட்டான். அதே இருமல், அதே நாய். எப்போதோ ஒரு நாள் சொன்ன பதில். எடுத்து நீட்டிக்கொண்டே இருக்கிறது. எத்தனை மாதமாக?

“அப்பா, இன்னிக்கு மழ வருமா?”

மின்விசிறிச் சத்தம் நின்றது. தைல வாசனையும் நின்றது. வாசனை அப்படி நிற்கும் என்று அவனுக்குத் தெரியாது. கதவுக்கு அப்பால் வெகு தூரத்தில், அந்த அறையைவிட, அந்தக் கட்டடத்தைவிடத் தூரத்தில், கனமான எதையோ யாரோ இழுத்துக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் விட்டுவிட்டார்கள்.

இருமல். “சாப்பிட்டேன்பா.”

“அவர ஏன் போட்டுத் தொந்தரவு பண்றீங்க?” கூடத்திலிருந்து மனைவி, கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். “கேட்டா பதில் சொல்றாருல்ல?”

அவன் சமையலறைக்குப் போனான். ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு மாத்திரை. மகன் அப்பாவின் அறைக்குள் போக ஒரு காரணம் தேவைப்பட்டது. இடது கையால் கைப்பிடியைப் பிடித்தான். மெதுவாகத் திறந்தால் எல்லாம் வந்து அடுக்கிக்கொள்ளும். நம்பும்படி இருக்கும். நம்பிவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

சடாரென்று திறந்தான்.

சாம்பல்.

காத்திருந்தான். எதுவும் ஓடிவரவில்லை. சுவர் வரவில்லை. ஜன்னல் வரவில்லை. ஒரு தலையணை மட்டும். தலையணையின் பள்ளத்தில் ஒரு வாய். சுற்றிலும் கொஞ்சம் நரைத்த தாடி. அதற்கு மேலே ஒன்றுமில்லை. தள்ளி, கட்டில் விளிம்பு இருக்க வேண்டிய உயரத்தில், ஒரு கை. உள்ளங்கை மேலே பார்த்தபடி. ரத்தம் இல்லை. வெட்டிய தடம் இல்லை. மீதியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கேட்க வேண்டும். கேட்டால் வரும். கேட்டே ஆக வேண்டும்.

“அப்பா, காது கேக்குதா?”

ஒரு காது வந்தது. அவனுடைய காது போலவே இருந்தது. அவருடையது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

“அப்பா, கண்ணு…” என்ன நிறம்? “கால்…” வலிக்கிற முழங்கால் எது? இடதா? வலதா? ஏதாவது. எதையாவது. வேறென்ன இருந்தது அப்பாவிடம்?

காது மறைந்தது.

வாய் அசைந்தது. இருமல் இல்லை. நாய் இல்லை. புதிய பேச்சு.

“மாத்திர கொண்டாந்தியாப்பா?”

இத்தனை நாளாக அவரும் அவனிடம் அதைத்தான் கேட்டிருந்தார். அதை மட்டும்தான்.

குனிந்து பார்த்தான். பாதம் இல்லை. சட்டை இல்லை. கதவைப் பிடித்திருந்த இடது கை இல்லை. மணிக்கட்டுவரை வலது கை இருந்தது. விரல்களில் தம்ளர். விரலிடுக்கில் மாத்திரை. கத்தினான். சத்தம் வரவில்லை. இந்த அறையில் அவனிடம் யாரும் குரலைக் கேட்கவில்லை.

அவள் கேட்பாள். கூப்பிடுவாள். பெயரைச் சொல்லி ஒருமுறை. எங்கே போனீங்க என்று ஒருமுறை.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. அவள் காலடி. நெருங்கியது. கதவருகே நின்றது.

“மாமாவுக்கு மாத்திர குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சு,” என்றது தலையணையில் இருந்த வாய், அவனுடைய குரலில்.

“சரி,” என்றாள். வெளியே இருந்தபடியே கதவை இழுத்துச் சாத்தினாள்.

சாம்பலில் ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை ஏந்திக்கொண்டிருந்தது. தம்ளரில் தண்ணீர் மட்டும் கொஞ்ச நேரம் நடுங்கியது.