இதயப் படமும் கறுத்த விரல்களும்

"முப்பது வருஷமா ஆய்வகச் சாவி என்கிட்டதான் இருக்கு டீச்சர். இப்போ நான்தான் திருடன்னு சொல்றாங்க. திங்கட்கிழமைக்குள்ள அந்த இதயப் படம் திரும்பி வரலைன்னா வேலை போயிடும்." உப்பு டீச்சர் வீட்டு வாசலில் நின்று சொன்னார் பள்ளி ஆய்வக உதவியாளர்.

உப்பு டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. உப்புகளைக் கண்டறியும் பாடம் நடத்தியே வந்த பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாத்தனாரை அழைத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள்.

ஆய்வகத்தில் அதே அமில நெடி. எத்தனை வகுப்புகள் இந்த மேசைகளைச் சுற்றி நின்றன! இதயப் படம் தொங்கிய இடத்தில் சுவர் வெளுத்திருந்தது. கீழே அலமாரித் தட்டில் ஒரு பழுப்புப் புட்டி கவிழ்ந்து கிடந்தது, பலகையெல்லாம் கறுப்பு.

"சில்வர் நைட்ரேட். பார்த்தா தண்ணி மாதிரி இருக்கும். கையில பட்டு வெளிச்சத்துக்கு வந்தா கறுத்துடும். சோப்புக்கு அசையாது," என்றாள் டீச்சர். "படத்தைக் கழற்றினவங்க கை பட்டுத்தான் இது கவிழ்ந்திருக்கும்."

"அப்போ கறுத்த கையைத் தேடினா போதும் அண்ணி!" என்று நாத்தனார் துள்ளினாள்.

உதவியாளரின் கை சுத்தம். படம் காணாமல் போன அன்று உள்ளே வந்த மற்ற இருவர் ஓவிய ஆசிரியரும் நூலகரும். இருவர் விரல்களும் கறுப்பு!

"வரையற மை," என்றார் ஓவிய ஆசிரியர்.

"ஸ்டாம்பு மை," என்றாள் நூலகர்.

நாத்தனார் ஓவிய ஆசிரியரை முறைத்தாள். டீச்சரோ இருவர் விரலிலும் டிஞ்சர் அயோடின் தடவி, போட்டோ கழுவப் பயன்படும் ஹைப்போக் கரைசலில் முக்கச் சொன்னாள். ஓவிய ஆசிரியரின் கறை அப்படியே இருந்தது. நூலகரின் கறை மஞ்சளாகிக் கரைந்தது.

"மைக்கு இது பலிக்காதும்மா. வெள்ளிக் கறைதான் அயோடினோட சேர்ந்து மஞ்சளாகும். அதை ஹைப்போ கரைச்சிடும்."

நூலகர் முகத்தை மூடிக்கொண்டாள். "எங்க அண்ணன் இங்க படிச்சப்போ வரைஞ்ச படம் டீச்சர். அவன் போனப்புறம் மிச்சம் அது ஒண்ணுதான். ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறும்போது பழசுன்னு கழிச்சுடுவாங்கன்னு பயந்துட்டேன்."

படம் வந்தது. விரித்ததும் டீச்சருக்குக் கண் கலங்கியது. நுரையீரல் தமனிக்கு நீலம். "தமனின்னா சிவப்புதானேடா?" என்று அவள் கேட்டதும், "இது ஆக்சிஜன் குறைஞ்ச ரத்தம் டீச்சர், நுரையீரலுக்குப் போகுது," என்று அந்தப் பையன் சிரித்ததும் நேற்றுப்போல் இருந்தது.

நூலகர் தலைமையாசிரியரிடம் தானே போய்ச் சொன்னாள். திரும்பி வந்து உதவியாளர் முன் நின்றாள். "உங்க பேரைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் படத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டார். "ஒரு வார்த்தை கேட்டிருந்தா, தலைமையாசிரியர் கால்ல விழுந்தாவது நானே வாங்கிக் கொடுத்திருப்பேனேம்மா."