ஆற்றுவாழைக்குள் என்ன இருக்கிறது?

றிஸ்கானுக்கு ஐந்து வயது. ஆற்றுவாழை என்று பெயர் வைத்தால் அது பழம் காய்க்கத்தானே வேண்டும் என்பது அவனுடைய நியாயம். யாரால் மறுக்க முடியும்?

கிண்ணியாவில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தை, ஆகாயத்தாமரை என்றும் சொல்லப்படும் அந்த மிதக்கும் செடி மூடிக் கிடந்தது. வாப்பாவால் வலை வீசவே முடியவில்லை. ஊரே கூடிச் சிரமதானம் செய்து செடிகளை அள்ளிக் கரையில் போட்டது. அன்று தனியாக மிதந்த ஒரு குட்டிச் செடியை றிஸ்கான் தூக்கிவந்து, வீட்டு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி விட்டான். அதன் இலைக்காம்புகள் குண்டு குண்டாக உப்பியிருந்தன. உள்ளே பழம் இருக்கிறதாம்! அவனுடைய ராத்தா, அக்கா சுஹைரா, சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பத்து வயதுக்காரிக்கு ஆயிரம் வேலை.

ஒரு மாதத்தில் பேசின் நிறையக் குட்டிகள். ஆனால் புதுக் காம்புகள் எல்லாம் ஒல்லியாக, நெட்டையாக வளர்ந்தன.

“என்ட பழத்த ஆரு திண்ட?” என்று றிஸ்கான் அழுதான். பேசினில் இடம் காணாதாம். குளத்தில் விட்டால் மறுபடி காய்க்குமாம். வாளியையும் எடுத்துவிட்டான்.

சுஹைரா ஓடிவந்து வழியை மறித்தாள். செடியை அள்ளிய பிறகு, இந்த ஒரு மாதமாகத்தான் வாப்பா மீனோடு வீடு வருகிறார். வாளியைப் பறித்தாலோ தம்பியின் மனம் உடைந்துவிடும்.

“கொஞ்ச நாள் பொறு தம்பி. ஒண்ட மட்டும் தனிய விட்டுப் பாப்பம்” என்றாள்.

ஒரு நெட்டைச் செடியைப் பெரிய தொட்டியில் தனியாக விட்டார்கள். இரண்டு கிழமையில் புது இலைகளின் காம்புகள் குண்டாக உப்பின. சுஹைரா ஒன்றை வெட்டினாள். பழத்தைக் காணோம். பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. தண்ணீருக்குள் வைத்துப் பிழிந்தாள். குபுகுபுவென்று குமிழி வந்தது.

“காத்து. தனிய மிதக்கக் காத்து வேணும். கூட்டமா இருந்தா ஒண்ட ஒண்டு தாங்கும். அப்ப வெயிலத் தேடி நெட்டையா வளரும். ரெண்டும் ஒரே செடிதான் தம்பி.”

“அப்ப குளத்துல விட்டா?”

“முதல்ல குண்டா மிதக்கும். பிறகு பெருகிக் குளத்த மூடிரும். வாப்பாக்கு வலை வீச ஏலாது.”

 றிஸ்கானே பேசினிலும் தொட்டியிலும் இருந்த செடிகளை அள்ளி, காய்ந்துபோகக் கொதிமணலில் கொட்டினான். பாவம், உதடு துடித்தது. சுஹைரா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நல்ல கனம்தான், ஆனாலும் இறக்கவில்லை.

பின்னேரம் வாப்பா ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கிவந்தார். றிஸ்கான் ஒன்றைப் பிய்த்து, தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தான். குமிழி வரவில்லை. அதன்பிறகே தோலை உரித்து, முதல் பாதியை ராத்தாவின் வாயில் திணித்தான்.