பூஜ்யத்தில் ஒரு கைரேகை

“ஐயோ... அடிக்காதீங்க! அவருக்கு எதுவும் தெரியாது!”

ஸ்டேஷன் வாசலில் வாட்ச்மேனின் மனைவி அலறினாள்.

உள்ளே, கம்ப்யூட்டர் முன்னால் புரோகிராமர் உட்கார்ந்திருந்தான். போட்டோ ஸ்டுடியோ முதலாளியைக் குத்திக் கொன்ற கத்தியில் ஒரு கைரேகை. அது யாருடையது என்று கேட்டால், அவன் எழுதிய புரோகிராம் ‘பதிவில் இல்லை’ என்று கைவிரித்தது. ஆகவே, ஸ்டுடியோ வாட்ச்மேனுக்கு உதை... ‘கூட்டாளி யாரு, சொல்லுடா!’

பெண் எஸ்.ஐ. சும்மா தன் விரலைக் கைரேகை ரீடரில் வைத்தார்.

‘பதிவில் இல்லை.’

“என்ன தம்பி, நான் செத்துட்டேனா? மெஷின் வந்த அன்னிக்கு முதல்ல ரேகை வச்சதே எங்க ஸ்டேஷன்தானே?”

அவன் புரோகிராமைத் திறந்தான். பார்த்தான். வியர்த்தான்.

“மேடம்... ரேகையெல்லாம் சர்வர்லேர்ந்து மொத்தமா வராது. பக்கத்துக்கு நூறு பேர்னு, பக்கம் பக்கமா வாங்கணும். அதுக்குன்னு வேற யாரோ எழுதி வச்ச ரெடிமேட் புரோகிராம் ஒண்ணு இருக்கு. நான் அதுகிட்ட ஒண்ணாம் பக்கத்துலேர்ந்து கேட்டிருக்கேன்...”

“சரிதானே?”

“அது பூஜ்யத்துலேர்ந்து எண்ணும் மேடம்! முதல் நூறு பேர் வரவே இல்லே!”

காது மடல் சுட்டது. கத்துக்குட்டிகூடச் செய்யாத தப்பு. அதற்கு ஒரு மனுஷன் உள்ளே அடி வாங்குகிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இன்ஸ்பெக்டர் நுழைந்தார். அவனுக்கு இந்த வேலையை வாங்கித் தந்த அக்கா புருஷன்.

“என்ன மாப்ளே, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?”

தலை நிமிராமலே சொன்னான்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “மூச்சு விடாதே. அப்படியே விட்டுடு. வெளியே தெரிஞ்சா உன் மானம் போயிடும். உங்கக்கா தாங்குவாளா?”

பாவம் அத்தான், எனக்காகப் பதறுகிறார்! ஒரு கணம் சரியென்று தலையாட்டினான்.

மறுபடியும் அலறல்...

“வேணாம் அத்தான். என் மானம் போனா போகட்டும்!”

ஒன்றை அழித்தான். பூஜ்யம் போட்டான். தட்டினான்.

பீப்!

திரையில் ஒரு முகம். தொப்பி... மீசை...

இன்ஸ்பெக்டர்!

“நா... நான் ஸ்பாட்ல கத்தியைத் தொட்டிருப்பேன்...”

“நீங்க லீவுலேர்ந்து வர்றதுக்குள்ளே கத்தி லேபுக்குப் போயிடுச்சு சார்” என்றார் எஸ்.ஐ.

அவர் நாற்காலியில் சரிந்தார். “அந்த ஸ்டுடியோக்காரன் என்னை ஒருத்தியோட படம் எடுத்து வச்சு மிரட்டினான்...”

புரோகிராமர் கூனிக்குறுகினான். கொலைகாரனை இத்தனை நாள் ஒளித்து வைத்தது, அவன் போட்ட அந்த ‘ஒன்று’தான். இனி அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

“யோவ், உள்ளே அடிக்கிறதை நிறுத்துங்கய்யா!” என்று கத்திவிட்டு, எஸ்.ஐ. விலங்கை எடுத்தார்.

“கையை நீட்டுங்க சார். இந்தத் தடவை ரேகைக்கு இல்லே!”