நடையறி தளம்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் 'சௌக்கியமா' என்று கேட்பதில்லை. எதிரே வருகிறவனின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, காலடியைப் பார்க்கிறார்கள். தரையில் பச்சை எரிந்தால் ஒரு தலையாட்டல், மஞ்சள் எரிந்தால் ஒரு 'ச்சு'. அவ்வளவுதான் மனுசப் பழக்கம். தரைக்கு இருக்கிற மரியாதை வாய்க்கு இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே சங்கிலிமுத்து மேஸ்திரி நலவியல் மாளிகைக்குள் நுழைந்தார்.

வாய் அப்படி முணுமுணுத்தாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. வைப்பாற்றுப் பல்கலைக்கழகத்தின் இந்த மாளிகையில் நான்கு மாடிக்கும் தளம் போட்டது அவருடைய ஆட்கள். படிக்கட்டே கிடையாது. நடுமுற்றத்து வேம்பைச் சுற்றிச் சுற்றி ஒரே சாய்தளம் உச்சி வரை ஏறும். நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டே பிள்ளைகள் பாடம் படிக்கலாம். வேம்பின் காற்று தாழ்ந்த சன்னல்களில் நுழைந்து கூரைக் கூண்டு வழியே வெளியேறுவதால் அக்கினி நட்சத்திரத்திலும் மின்விசிறி வேண்டாம். கீழ்க்கூடம் எண்பதடிக்கு அறுபதடி, நடுவில் ஒரு ஒட்டுக்கோடு இல்லாத ஒரே வார்ப்பு. ரசமட்டம் வைத்துப் பார்த்த இஞ்சினியர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. குறை இருந்தால்தானே திறப்பார்!

அந்த வார்ப்புக்குள்தான் தலைமுடி கனத்தில் உணர்விழைகள் ஓடின. மேலே நடக்கிறவனின் பாதம் எப்படி விழுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவை படித்து, நூற்றுக்கு இத்தனை என்று நல மதிப்பெண் போடும். நோய் இருந்தால் மஞ்சள்; மஞ்சள் எரிந்தால்தான் மருத்துவத்துக்கே பெயர் பதியும். பச்சைக்காரனுக்கு வீடுதான்.

மேஸ்திரிக்கு வலது முட்டி போய் மூன்று வருடமாகிறது. இன்றைக்காவது பெயர் பதிந்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

முற்றத்தில் வெள்ளைக் கோட்டு மாணவர்கள் வரிசையாக மணல் சட்டியைத் தலையில் சுமந்து நடந்துகொண்டிருந்தார்கள்.

"ஏத்தா அழகம்மா, இது என்ன கூத்து?"

அழகம்மா இந்த மாளிகை கட்டியபோது அவரிடம் சித்தாளாக இருந்தவள். இப்போது இங்கே கூட்டிப் பெருக்குகிறாள்.

"இந்தப் பிள்ளைக எல்லாத்துக்கும் மஞ்சளு எரியுதாம் மேஸ்திரி. சட்டியத் தூக்கி நடந்து பழகுனா பச்சையாகுதாம். டாக்டரம்மா பயிற்சி."

"உனக்கு?"

"எனக்கென்ன, தொண்ணூத்தஞ்சு! காவல்காரரு கருத்தமுத்துக்குத் தொண்ணூத்தாறு. குறுக்கு ஒடிஞ்சு கெடக்க மனுசனுக்கு!" என்று சிரித்தாள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. கருத்தமுத்தும் அவருடைய ஆள்தான். செங்கல் சுமந்தவன்.

தளத்தை வடிவமைத்த டாக்டர் நிறைமதி கூடத்துக் கோடியில் நின்றிருந்தாள். மேஸ்திரி நொண்டிக்கொண்டே அவளிடம் போனார். காலடியெல்லாம் பச்சை.

"ஐயா, தொண்ணூற்றெட்டு! இந்தக் கட்டடத்துலயே உங்களுக்குத்தான் அதிகம்."

"முட்டிக்குள்ள கண்ணாடித்தூள வச்சு அரைக்கிற மாதிரி இருக்கு தாயி. நீங்க நம்பரு சொல்லுறீக."

"தளம் பொய் சொல்லாது ஐயா."

"நான் போட்ட தளம் கோணாது. பொய் சொல்லுமா சொல்லாதான்னு எனக்குத் தெரியாது. ஒண்ணு கேக்கேன். தளம் காயும்போதே இழைக்குக் கரண்டு விட்டு உசுரு குடுத்தீகளே, தளத்து ஈரம் தெரியணும்னு. அதுக்கப்புறம் நிறுத்துனீகளா?"

"இல்ல... ஓடிட்டேதான் இருந்துச்சு."

"திறக்குற வரைக்கும் பதினோரு மாசம். அதுமேல நடந்தது யாரு?"

நிறைமதி சுவர்த்திரையைத் தொட்டுப் பழைய பதிவுகளை வரவழைத்தாள். பதினோரு மாதம், லட்சக்கணக்கான காலடி. எல்லாம் சுமை ஏற்றிய காலடி. வளைந்த முதுகு, அகட்டிய கால், தேய்ந்த முட்டி. முதலில் அதிகம் பார்த்த நடையே ஆரோக்கியமான நடை என்று எடுத்துக்கொள்ளும்படிதான் அவள் தளத்தைப் பழக்கியிருந்தாள். திறப்பு விழாவுக்குப் பிறகு வரப்போகும் மாணவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது.

அவள் முகம் வெளுத்தது. "இந்த அளவைத்தான் ஐயா நாற்பது ஊர்த் தளத்துக்கும் ஏத்தியிருக்கோம்."

"நாப்பது ஊருக்குமா? எங்க நடையவா?"

மேஸ்திரியின் மீசை தானாகத் துடித்தது. கலெக்டரும் நீதிபதியும் எவன் காலை அளவாக வைத்து நடக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க, முட்டி வலியையும் மீறி மனசு பொங்கியது.

"பழகுன நடை இழையிலேயே பதிஞ்சிருக்கு. இழை கான்கிரீட்டோட இறுகிப்போச்சு, அழிக்க முடியாது" என்றாள் நிறைமதி. "தளம் தப்புன்னு நான் எழுதிக் குடுத்தா நாளைக்கே இடிச்சிருவாங்க."

பொங்கியது அப்படியே அடங்கியது. எண்பதடிக்கு அறுபதடி, ஒரே வார்ப்பு. உள்ளங்காலால் தரையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இடிச்சுட்டு, அடுத்த தளத்த எவன் கால வச்சுப் பழக்குவீக?"

"நல்ல ஆரோக்கியமானவங்களை..."

"அது யாருன்னு எந்தத் தளம் சொல்லும்?"

அவள் முற்றத்தைப் பார்த்தாள். சட்டி சுமந்த மாணவன் ஒருவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் பச்சை.

"முதல்ல உங்க முட்டியப் பார்ப்போம்" என்றாள் தாழ்ந்த குரலில். "மஞ்சள் எரியாம பெயர் பதியாது. சட்டி இல்லாம, காலடியில மஞ்சளோட வர்ற அந்த மாணவியைப் பாருங்க. அவள மாதிரி நடந்து காட்டுங்க."

மேஸ்திரி பார்த்தார். முதுகை நிமிர்த்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு, கையை வீசி, காலை நேராக எடுத்து வைத்தார். வலி உச்சந்தலைக்கு ஏறியது. பத்தாவது அடியில் மஞ்சள் எரிந்தது.

"ராசா நடையில்லா நடக்காரு மேஸ்திரி!" என்று அழகம்மா கை தட்டினாள்.

சுவரிலிருந்து ஒரு சீட்டு வெளியே வந்தது. அடுத்த வியாழக்கிழமை முட்டி மாற்று அறுவை சிகிச்சை. நிறைமதி அதைக் கிழித்து நீட்டினாள். மேஸ்திரி வாங்காமல் யோசித்தார்.

"தாயி, முட்டிய மாத்துனா நான் நேரா நடப்பேனா?"

"கண்டிப்பா."

"நேரா நடந்தா தளம் என்னைய நோயாளிங்குமே. திரும்பக் கூப்பிட்டு மறுபடியும் அறுப்பீகளா?"

நிறைமதி சீட்டை இன்னும் முன்னே நீட்டினாள்.

"சரி ஆயிரும் ஐயா. நாங்க சரி பண்ணிருவோம். நம்புங்க."

"தளம் நல்ல தளம். அதுல ஒரு குத்தமும் இல்ல" என்றார் மேஸ்திரி. சீட்டை வாங்கி இடுப்பில் செருகினார். "வியாழக்கிழமை வாறதா வேண்டாமான்னு வீட்டுல யோசிச்சுட்டுச் சொல்லுதேன்."

அவளுடைய பதிலுக்குக் காத்திராமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நொண்டி நொண்டி நடந்தார்.