நீலத்தில் தெரியாதது

மகளின் அறைக்கு எந்த நிறம் என்று ஒப்பிட்டுப் பார்க்க, பெயிண்டர் சுவரில் மேலிருந்து தரைவரை இரண்டு பட்டைகளை அடித்துவிட்டுப் போயிருந்தார். ஒன்று வெளிர் மஞ்சள், பக்கத்தில் கருநீலம். மஞ்சளின் உச்சியில் ஒரு பெரிய கைத்தடம் இருந்தது. யாரோ ஈரத்தில் கை வைத்துவிட்டார்கள் என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள். அந்த உயரத்துக்கு வீட்டில் யாருக்கும் கை எட்டாது.

சாயங்காலம், பெயிண்ட் நெடிக்கு அடியிலிருந்து மூட்டை கட்டிப்போட்ட ஈரத்துணியின் வாடை மெல்லக் கிளம்ப, ஜன்னல் வெளிச்சம் மஞ்சளில் தங்கி நீலத்தில் விழுந்த இடம் தெரியாமல் போக, சுவருக்குள் நகத்தால் பிறாண்டுவது போன்ற சத்தம் கேட்டுத் திரும்பினாள். தடம் இறங்கியிருந்தது. இப்போது மகளின் தலை உயரம்.

"ஈரச் சுவரு. இதுக்குப் போய் இப்படி நடுங்குற," என்றான் கணவன், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

மறுநாள் வந்த பெயிண்டர், "கறை தெரியக்கூடாதுன்னா நீலமே அடிச்சிடலாம்மா. மஞ்சள் எல்லாத்தையும் காட்டிக்குடுத்துடும்," என்றார்.

மகள் மட்டும் அடம்பிடித்தாள். "மஞ்சளே அடிக்கச் சொல்லும்மா."

"ஏன்டி?"

"அப்பத்தான் அது எங்க இருக்குன்னு தெரியும். தெரிஞ்சா நான் இந்தப் பக்கம் தள்ளிப் படுத்துக்குவேன்."

அம்மா பெயிண்டரிடம் திரும்பினாள். தன் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்று நீலத்தைச் சொன்னாள். மஞ்சள் பட்டையைப் பார்க்கச் சகிக்காமல் அதை மறைத்து பீரோவைத் தள்ளி வைத்திருந்தாள். பெயிண்டர் அதை நகர்த்தச் சோம்பல்பட்டு, சுற்றி மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

அன்றிரவு மகள் அம்மாவோடு படுக்கிறேன் என்று அழுதாள். "இப்பதான் ஒண்ணும் தெரியலல்ல, போய்ப் படு," என்று அம்மாவே கதவை வெளியிலிருந்து தாழிட்டாள்.

காலையில் திறந்தாள். கட்டில் காலி. ஜன்னல் சாத்தியபடி. நாலு பக்கமும் நீலம். பீரோவுக்குப் பின்னால் பிறாண்டும் சத்தம்.

தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

மஞ்சளில் அந்தப் பெரிய கை. அதன் பிடிக்குள் ஒரு சின்னக் கை. விரல்கள் அசைந்தன. இரண்டும் ஓரத்தை நோக்கி நகர்ந்தன. சின்னது வரவில்லை. பிறாண்டியது. இழுபட்டது. அவள் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தினாள். வெறும் சுவர்.

சுண்டுவிரல் கடைசியாக நீலத்துக்குள் போனது.

பிறகு சத்தமும் இல்லை. அறை முழுக்கத் தேடினாலும் ஒரு கறை இல்லை.