பதினேழாவது முதல் வாசிப்பு

காலை எட்டே முக்காலுக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போதே ஏழெட்டுப் பேர் வாசலில் நின்றிருப்பார்கள். எல்லார் கையிலும் ஒரு புத்தகம். அட்டை தெரியாதபடி பழுப்புத் தாள் உறை போட்டிருக்கும். சட்டையில் வட்டமான பேட்ஜ், அதில் ஒரு எண். ஆறு, பதினொன்று, ஒரு கிழவருக்கு இருபத்தொன்பது. பெரிய எண் உள்ளவருக்குச் சின்ன எண் உள்ளவர்கள் விலகி வழி விடுவார்கள். கோயம்புத்தூர் ஆர்.எஸ். புரத்தில் பதினான்கு வருடமாக இந்த வரிசையைப் பார்க்கிறேன். என் பெயர் தில்லையரசி. வேலை, டெக்னீஷியன்.

படிவத்தில் முதல் கேள்வி, ‘உங்கள் அபிமான எழுத்தாளர் யார்?’ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதுவார்கள். ஒன்று, உப்புக் கோள் என்ற நாவலை எழுதிய ஞா. இருதயசாமி. இல்லையென்றால் ஏழாம் நிலவின் அரசியைப் பன்னிரண்டு பாகமாக எழுதிய மாலதி சேதுராயர். இன்னும் ஒன்பது பெயர்கள் உண்டு. மொத்தம் பதினொன்றுதான். இரண்டாவது கேள்வி, ‘ஏன் பிடிக்கும்?’ அங்கே பேனா நின்றுவிடும். பிடிக்கும் என்பது அவர்களுடைய ஃபைலில் இருக்கிறது. ஏன் என்பது மண்டையில் இல்லை. போன முறை நாங்கள்தான் அதைத் துடைத்து அனுப்பினோம்.

‘அதை முதல் தடவை படிப்பது மாதிரி இன்னொரு தடவை படிக்க முடியுமா’ என்று வாசகர்கள் ஏங்கிய காலம் ஒன்று இருந்ததாம். எங்கள் மறதியகம் அந்த ஏக்கத்தை ஒரு மணி நேர வேலையாக்கியது. தலையணியை மாட்டி, கதையில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவோம். மூளையில் எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் ஸ்கேனர் புள்ளி வைக்கும். புள்ளிகளை அழித்துவிட்டால் புத்தகம் போய்விடும். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் முதல் வரியிலிருந்து புதிது. வேற்றுக் கிரகக் கதைக்கும் மாயக் கதைக்கும்தான் கூட்டம் அதிகம். அடுத்து என்ன என்ற திகைப்புக்காகவே அவற்றைப் படிக்கிறவர்கள் அல்லவா?

அதன் பிறகு புதுப் புத்தகம் எதற்கு? பிடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை விட்டுவிட்டு, பிடிக்குமோ பிடிக்காதோ என்ற ஒன்றை எவன் வாங்குவான்? பதிப்பாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துப் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்ததுதான் கடைசிப் புது நாவல். ஆனாலும் வருடா வருடம் ரசிகர் மாநாடு நடக்கிறது. இருதயசாமி பெரியவரா, சேதுராயர் பெரியவரா என்று மேடையில் மூன்று நாள் அடித்துக்கொள்வார்கள். பாதிப் பேருக்கு இரண்டு பேரும் எழுதியதில் ஒரு வரிகூட நினைவிருக்காது. ஒரு முறை வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அரை மணி நேரம் தாங்கவில்லை.

கார்வேந்தன் என்பவரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். கணபதி பக்கம் பம்ப்செட் உதிரிபாகம் வார்க்கும் பட்டறை வைத்திருந்தார். வயது ஐம்பத்தைந்து. உப்புக் கோளைப் பதினாறு முறை துடைத்துத் துடைத்து முதல் முறையாகப் படித்தவர், பேட்ஜிலும் பதினாறு. மரியாதையான ஆள். ஒவ்வொரு முறையும் மனைவி யாமினி கூடவே வருவார். துடைப்பு முடியும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யாமினி ஒரு முறைகூடத் துடைத்துக்கொண்டதில்லை. ஒரு முறை படித்தது அப்படியே இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் கூடவே வந்ததற்குக் காரணம் உண்டு. புத்தகம் மட்டும் தனியாக மூளையில் உட்கார்ந்திருப்பதில்லை. எங்கே படித்தோம், யார் கொடுத்தார்கள், அப்போது மழை பெய்ததா என்பதெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பாஷையில் ஒட்டு நினைவு. கார்வேந்தனின் வரைபடத்தில் அப்படி ஒரு பெரிய திட்டு இருந்தது. அது ஈரோட்டில் வெள்ளத்தால் ஒன்பது மணி நேரம் நின்றுபோன ஒரு ரயில். இவருக்கு அப்போது இருபத்து நாலு வயது. எதிர் இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பெண் உப்புக் கோள் படித்துக்கொண்டிருந்தாள். இவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, தான் படித்து முடித்த பாதியை முதுகோடு கிழித்து இவர் கையில் கொடுத்தாள். இவர் அந்தப் பாதியை முடிக்கும்போது அவள் மறு பாதியை முடித்திருந்தாள். ரயில் கிளம்பியபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்தான் யாமினி.

பதினாறு முறையும் அந்தத் திட்டை வேலி போட்டுக் காப்பாற்றிவிட்டு மற்றதைத்தான் துடைத்தேன். அப்படிக் காப்பாற்றினால் கதையின் நிழல் கொஞ்சம் தங்கிவிடும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பதினேழாவது முறை வந்தபோது கார்வேந்தன் முகம் சரியில்லை. போன தடவை எண்பதாம் பக்கத்திலேயே எனக்கு ஏதோ தட்டுப்பட்டுவிட்டது, அடுத்தது இதுதான் என்று ஊகித்துவிட்டேன், சுவையே போய்விட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆழத் துடைப்பு செய்யச் சொன்னார். வேலி வேண்டாம், ஒட்டியிருப்பது எதுவானாலும் போகட்டும் என்றார். விளைவுகளை ஒரே மூச்சில் படித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார்.

கதவைத் திறந்துகொண்டு யாமினி உள்ளே வந்துவிட்டார். வெளியே கேட்டிருக்கிறது. என்னைப் பார்க்காமல் நேரே கணவரிடம் போனார்.

“ஏனுங்க, ஈரோட்டுல நின்ன ரயிலும் போயிருமுங்க. தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா?”

“அதுக்கென்ன இப்ப? உனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குதே. வேணுங்கறப்ப நீ சொல்லு, நான் கேட்டுக்கறேன்.”

“நான் சொல்லி நீங்க கேட்டா, அது உங்களுக்கு நடந்ததா இருக்காதுங்க.”

“நீதான் எம்பட பொண்டாட்டின்னு நான் மறக்கப் போறதில்ல, யாமினி. முப்பது வருசம் அப்படியே இருக்கும். ஒரு நாளுதான்.”

யாமினி என் பக்கம் திரும்பி, “அம்மிணி, நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதா?” என்று மட்டும் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். காரணம் காட்டாமல் பதினைந்து நாள் தள்ளிப்போட டெக்னீஷியனுக்கு அதிகாரம் உண்டு. அதுவரை ஒரு முறைகூட நான் அதைப் பயன்படுத்தியதில்லை. அன்றைக்கும் பயன்படுத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரண்டு பேர் மேலும் இளக்காரம்தான். ஒரே புத்தகத்தைப் பதினேழு முறை விழுங்கப் பார்க்கும் அவரும் ஒன்று, ஒரு பழைய ரயிலுக்காகக் கண்ணைக் கசக்கும் அவர் மனைவியும் ஒன்று என்று நினைத்தேன். கையெழுத்து இருக்கிறது, என் வேலை முடிந்தது. யாமினியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தலையணியை மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் திரையில் அந்தத் திட்டு இருந்த இடம் வெறும் சாம்பல் நிறமாகிவிட்டது.

கார்வேந்தன் எழுந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு, வெளியே மனைவியைப் பார்த்துப் புன்னகைத்து, ரொம்ப நேரம் காத்திருந்தாயா என்று அன்பாகத்தான் கேட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் யாமினி தனியாக வந்தார். துடைத்துக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்துப் படிவத்தை எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார். அழவில்லை. ஏதோ கடையில் வாங்கிய சாமான் பழுதாகிவிட்டதைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

கார்வேந்தன் ஐந்து நாள் பட்டறைக்கே போகாமல் புத்தகம் படித்தாராம். அவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லையாம். முடித்த அன்று சாயங்காலம், இது உனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டிருக்கிறார். யாமினி ஆசையாக ரயில் கதையை ஆரம்பித்திருக்கிறார். வெள்ளம், எதிர் இருக்கை என்று கார்வேந்தனும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். புத்தகத்தைக் கிழித்த இடம் வந்ததும் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

“நிறுத்துன்னாருங்க, அம்மிணி. இதையெல்லாம் கேட்டா மறுபடியும் புத்தகத்தோட ஒட்டிக்குமாம். அடுத்த தடவை சுத்தமாப் படிக்க முடியாதாம். வேற ஏதாச்சும் பேசலாம்னாரு. கோபமா சொல்லலைங்க, நல்ல விதமாத்தான் சொன்னாரு.”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். கோபிசெட்டிபாளையத்தில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, நாள் கணக்கில்லை என்றார். உங்களைத் திட்டத்தான் வந்தேன், பார்த்ததும் தோன்றவில்லை என்றும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் திட்டியிருந்தால் நான் அன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உப்புக் கோளை எடுத்து உட்கார்ந்தேன். ஆயிரம் பேர் மூளையிலிருந்து அதை எடுத்திருக்கிறேன். பாத்திரங்களின் பெயர்கள் எல்லாம் அத்துப்படி. ஒரு பக்கம் படித்ததில்லை. குப்பையாக இருக்கும், நன்றாகச் சிரிக்கலாம் என்றுதான் பிரித்தேன். குப்பை இல்லை. உப்புப் பாறையாலான ஒரு கோளில் விளக்குக் காவலுக்கு இருக்கும் பெண், நூற்றுப் பத்து வருடமாக ஒரு கப்பலுக்குக் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. முடித்தபோது மத்தியானச் சோறு ஆறிப்போயிருந்தது. இவ்வளவு நல்ல ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போன மனிதனுக்கு இப்படிப்பட்ட ரசிகர்களா என்று எரிச்சலாக வந்தது. யாரிடமாவது அதைப் பற்றிப் பேச வேண்டும் போலிருந்தது. பேசக்கூடிய ஒரே ஆள் கோபிசெட்டிபாளையத்தில் இருந்தார். அவரை அழைக்க எனக்கு முகமில்லை.

பதினோரு மாதம் கழித்துக் கார்வேந்தன் வந்தார், பதினெட்டாவது துடைப்புக்கு. தனியாக. யாமினியைப் பற்றி நான் கேட்காமலே சொன்னார். தங்கை வீட்டிலேயே இருந்துவிட்டாளாம், சண்டை ஒன்றும் இல்லையாம், எப்போதாவது போனில் பேசுவார்களாம். ஏதோ நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாளாம். “புதுசா எழுதி என்னங்க பண்றது மேடம், யாரு படிக்கப் போறா?” என்று சிரித்தார்.

தலையணியை மாட்டி வரைபடம் எடுத்தேன். போன முறை வரை முந்நூறு புள்ளிக்கு மேல் சிதறிக் கிடந்த இடம் அது. இப்போது கதை தனியாக, கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒட்டு நினைவு என்று ஒரே ஒரு புள்ளிதான். பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த அறை, இந்த நாற்காலி, தலையணியை மாட்டும் என் முகம். அவருக்கும் திரை தெரிந்தது. ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று மகிழ்ந்துபோனார். அந்த ஒன்றையும் எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பதினைந்து நாள் தள்ளிவைக்கிறேன் என்று எழுதி முத்திரை வைத்தேன். ஏன் என்று கேட்டார். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. எங்களுக்கு நேர் எதிரே போன வருடம் இன்னொரு மறதியகம் திறந்திருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து அங்கே போனார். ஒருவரைக் காப்பாற்றும் அதிகாரத்தைக் கடைசியில் நான் பயன்படுத்தியதன் பலன், அவர் நாற்பது அடி கூடுதலாக நடந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு முக்கிலுள்ள பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கார்வேந்தன் வந்து அதே மேசையில் எதிரே உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பது போல் லேசாகச் சிரித்தார். பழுப்பு உறைக்குள்ளிருந்த புத்தகத்தைப் பிரித்துத் தலைப்பைப் படித்துவிட்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இது படிச்சிருக்கீங்களா? என்னோட அபிமான புத்தகம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நல்லா இருக்குமுங்களா?”

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆவல்.

“அந்தக் கப்பல்ல யாருமே வரலைங்க,” என்றேன். “கடைசிப் பக்கத்துல கதவைத் திறக்கறா. உள்ள ஆளே இல்ல. நூத்திப் பத்து வருசம் அவ காத்துக்கிட்டு இருந்தது வெறுங் கப்பலுக்கு.”

கார்வேந்தன் கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று காத்திருந்தேன். உண்மையில் அதை விரும்பினேன். அவரிடமிருந்து யாரோ எதையோ பறித்துவிட்டார்கள் என்று அவருக்கு ஒரு நிமிடமாவது வலித்தால் போதும் என்றிருந்தது. அவர் புத்தகத்தை மெதுவாக மூடினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பரவாயில்லைங்க. ஆறு மணி வரைக்கும் திறந்திருப்பாங்க. போய் இதையும் எடுத்துடச் சொல்றேன்.” எழுந்தவர், என் முகம் வாடியிருப்பதைக் கவனித்திருக்க வேண்டும். “நீங்க சங்கடப்படாதீங்க. உங்களையும் சேர்த்துத்தான் எடுப்பாங்க,” என்று ஆறுதலாகச் சொன்னார்.

சாலையில் வண்டிகள் குறையும் வரை பொறுமையாக நின்று கடந்தார். அங்கே இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். கடைசி ஆளாகப் போய் நின்று, முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.