தொட்டிச் சேறு

குளியல் தொட்டியின் அடியில் சேறு படிந்திருந்தது. தொட்டிக்கு வெளியிலேயே உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்குவது வழக்கம். வீட்டில் அடுத்தவரும் அதே வெந்நீரில்தானே இறங்க வேண்டும். ஃபுமியோவுக்குக் கணவன் தொகுஜியின்மேல் எரிச்சல்தான் வந்தது. விரலால் தொட்டாள். மாவு போல மிருதுவான கால்வாய்ச் சேறு.

சில நாட்களாகவே அவன் சரியில்லை. சோற்றைத் தொடுவதில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். கேட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

அவளுக்கோ வேறு கவலை. இதாசென்பாரா மீன்கள் இலையுதிர் காலத்தில் உயிருள்ள சிப்பிகளுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் பனிக்காலம் முழுக்க உள்ளேயே கிடந்து மே மாதம் வெளியே வரும். அந்த வட்டாரத்தில் அவை மிஞ்சியிருந்தது அவர்கள் ஊர்க் கால்வாயில் மட்டும்தான். பனிக்காலத்தில் அதற்குக் கான்கிரீட் போட வந்தபோது, நீரை வடிக்குமுன் சிப்பிகளைக் கையால் தடவியெடுத்துப் பக்கத்துக் குட்டைக்கு மாற்றும் பொறுப்பை ஊர் இவர்களிடம் விட்டது. ஃபுமியோ கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "கவலைப்படாத ஃபுமி, ஒண்ணு விடாம மாத்திட்டேன்" என்று தொகுஜி வந்து கையைப் பிடித்துச் சொன்னபோது நிம்மதியில் அழுதேவிட்டாள்.

மே மாதம் முடியப்போகிறது. குட்டையில் ஒரு குஞ்சு இல்லை. அன்று மாலை அவளே இடுப்பளவு நீரில் இறங்கி மூலை மூலையாகத் தடவினாள். ஒரு சிப்பிகூட இல்லை.

வீடு திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்கு போடவில்லை. வாசலிலேயே சேற்று வாடை அடித்தது. குளியலறைப் பக்கமிருந்து, சிப்பி வாய் மூடுவதுபோல, டக் என்று ஒரு சத்தம் கேட்டு நின்றது.

டக்.

கதவைத் தள்ளினாள். ஆவி இல்லை. குளிர்ந்த நீரில் மோவாய் வரை மூழ்கி உட்கார்ந்திருந்தான் தொகுஜி.

"ஏங்க, சிப்பியெல்லாம் எங்கே?"

அவன் தண்ணீரையே பார்த்தான்.

"என்கிட்ட சொன்னீங்களே! என் கையைப் பிடிச்சுகிட்டுச் சொன்னீங்களே!"

"மெஷின் காத்துகிட்டு நின்னுச்சு." உதடு அசையாமல் சொன்னான். "ஒரே குளிரு. யாரு பார்க்கப்போறான்னு..."

"உயிரோடயா? கான்கிரீட்டுக்கு அடியிலயா?"

அவன் தலையசைத்தான். கண்ணில் நீர் வழிந்தது. பாவி, எத்தனை சுலபமாக நம்ப வைத்தான்.

"மன்னிச்சு..." என்றவனின் தலை பின்னால் சரிந்தது. வாய் மெல்லத் திறந்தது. மூடவில்லை. தண்ணீர் அதற்குள் போய்வந்தது.

உள்ளே ஏதோ மினுங்கியது.

நகக்கண் அளவு. வெள்ளி. வெளியே வந்து, நின்று, நீந்தியது.

இன்னொன்று.

தொகுஜியின் கை தொட்டியடியில் துழாவியது. அடைப்பைத் தேடியது. பிடுங்கினால் நீர் வடியும். அவன் மூச்சு விடுவான்.

ஃபுமியோ மண்டியிட்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆஸ்பத்திரியில் அவன் பிடித்தது போலவே. விடவில்லை.

திறந்த வாயிலிருந்து குஞ்சுகள் வந்துகொண்டே இருந்தன.